முனிவேலின் குடலைச் சுற்றியிருந்த இரண்டாவது சவ்வு

அனுப்புநர்
காலஞ்சென்ற முனிவேலின் வீட்டார் ஒருவர்,
ஜூஜுவாடி, ஓசூர் வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: பிறவியிலேயே சிறுகுடலைச் சூழ்ந்திருந்த சவ்வினால் என் தம்பி முனிவேல் (38) இறந்தது – தொழிற்சாலை மருத்துவரின் அலட்சியம் – பர்கூரில் வசிக்கும் அவர் மகள் சுவாதியை (13) காலதாமதமின்றிப் பரிசோதிக்கக் கோருவது – தொடர்பாக.

இணைப்பு: அறுவைச் சிகிச்சை அறிக்கையின் நகல், நான்கு பக்கங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவை நான் 2005 ஜூன் மாதமே எழுதியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் இரண்டு மாதங்கள் வாய் திறவாமல் இருந்துவிட்டேன். போதும். தம்பியை இழந்த துக்கத்தில் பேசாமல் இருக்கிறேன் என்று உறவினர்கள் நினைத்துக்கொண்டார்கள். காரணம் துக்கமல்ல. அதைக் கீழே ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன்.

2. நான் இயற்பியலில் பட்டமும் உலோகவியலில் பட்டயமும் பெற்றவன். பத்தொன்பது ஆண்டுகளாக ஓசூரில் ஒரு வார்ப்பட ஆலையில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். ஆறி வந்த இரும்பு வார்ப்படங்களைச் சிறு சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே விரிசலோ வெற்றிடமோ இருக்கிறதா என்று சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாத வார்ப்படங்களைக்கூட ஓசை சரியில்லை என்று நூற்றுக்கணக்கில் ஒதுக்கியிருக்கிறேன். உடைத்துப் பார்த்தபோது ஒன்றிரண்டைத் தவிர என் கணிப்புத் தவறியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஐந்தாம் பத்திக்கு இது தேவைப்படுகிறது.

3. என் தம்பி முனிவேல் வேறொரு தொழிற்சாலையில் லேத் பிரிவில் வேலை செய்தான். சிறு வயது முதலே அவனுக்கு அவ்வப்போது வயிற்றுவலி வரும், தானாகவே போய்விடும். 2000-ஆம் ஆண்டிற்குப் பிறகு மாதம் இருமுறை, மும்முறை வரத் தொடங்கியது. வலி வரும்போது அவன் வயிறு இடப்பக்கம் மட்டும் எழும்பி நிற்கும். வலப்பக்கம் தட்டையாக, பலகைபோல் இறுகியிருக்கும். சாதாரண வாயு உப்புசம் என்றால் புரண்டு படுத்தால் இடம் மாறும். இது மாறாது. ஒருக்களித்துப் படுத்தாலும், குப்புறப் படுத்தாலும், எழுந்து நடந்தாலும் அதே இடத்தில் அதே அளவில் இருக்கும். உடம்பு புரளும், அது மட்டும் புரளாது. பிறகு ஏதோ ஒரு கணத்தில், யாரோ உள்ளேயிருந்து பிடியை விட்டதுபோல, சட்டென்று அடங்கிவிடும். அடங்கியபின் அவன் எழுந்து சாப்பிட உட்காருவான். அந்தப் பசியைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

4. அவன் பணிபுரிந்த தொழிற்சாலையின் மருந்தகத்தில் ஒரு மருத்துவர் இருந்தார். இன்றும் இருக்கிறார். 2001 முதல் 2005 வரை முனிவேல் அவரிடம் பதினேழு முறை சென்றிருக்கிறான். பதினேழு சீட்டுகளும் என்னிடம் உள்ளன. எல்லாவற்றிலும் “வலி இருப்பதாகச் சொல்கிறார்” என்றே எழுதியிருக்கிறார்; “வலி இருக்கிறது” என்று ஒன்றில்கூட இல்லை. இரண்டு முறை எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. இரண்டும் வலி அடங்கிய மறுநாள் எடுத்தவை. நான் நேரில் சென்று கேட்டபோது அந்த மருத்துவர் சிரித்துக்கொண்டே, “உங்க தம்பி வயித்துல ஒண்ணும் இல்ல சார். ஷிஃப்ட் மாத்திக் குடுத்தாங்கன்னா மறுநாளே சரியாயிடும்” என்றார். அவர் சொன்னது தொழிற்சாலை முழுவதும் பரவியது. லேத் பிரிவில் சக தொழிலாளர்கள் அவன் ஒருபக்கமாகச் சரிந்த வயிற்றைக் காட்டி, “என்னா முனி, எத்தனாவது மாசம்? வளைகாப்புக்குச் சொல்லிடு, நாங்களே வளையல் வாங்கியாறோம்” என்று கேலி செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தானாம். அந்த மருத்துவரை நான் மன்னிக்கவில்லை என்பதை இம்மனுவில் பதிவு செய்கிறேன்.

5. 2003 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், அவனுக்கு வலி வந்தது. பாயில் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், பழக்கதோஷத்தில், இடது கை விரலை அவன் வயிற்றில் பதித்து வலது கை விரலால் தட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் பறைபோல் ஒலித்தது. தொப்புளைத் தாண்டி வலப்பக்கம் வந்தபோது ஓசை ஓரிடத்தில் அறுந்தது. மெல்லத் தேய்ந்து குறையவில்லை. ஒரு கோட்டில் அறுந்தது. அந்தக் கோட்டை என் விரலால் மேலிருந்து கீழாகத் தொடர முடிந்தது. அதற்கு அப்பால் காதை வைத்துக் கேட்டேன். எல்லார் வயிற்றிலும் கேட்கும் இரைச்சல் அங்கே இல்லை. ஆள் இருந்தும் பதில் வராத வீட்டுக் கதவில் காதை வைத்ததுபோல் இருந்தது. “என்னாண்ணா கேக்குது?” என்றான் முனிவேல். “ஒண்ணுமில்ல, படு” என்றேன். அப்படி ஒலித்த வார்ப்படம் ஒன்றை நான் என் பணிக்காலத்தில் வெளியே அனுப்பியதில்லை. மறுநாள் காலை தம்பியை வேலைக்கு அனுப்பினேன்.

6. எங்கள் தாயார் சரோஜம்மாள், இது தொக்கம் என்று முடிவு செய்தார். தின்ற பொருள் குடலில் தங்கிவிட்டதாக நம்பி, அதை வயிற்றின்மேல் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பவர்களிடம் போகும் வழக்கம் எங்கள் பகுதியில் உண்டென்பது தாங்கள் அறிந்ததே. கெலமங்கலம் அருகே சாந்தம்மா என்ற பெண்மணியிடம் அழைத்துச் சென்றோம். சந்தைநாளில் அவர் வீட்டு வாசலில் ஐம்பது பேர் காத்திருப்பார்கள். வந்தவர் எல்லாரிடமிருந்தும் ஏதாவது ஒன்றை எடுத்து வெற்றிலையில் வைத்துக் காட்டுவார். அது ஏமாற்று என்பது என் கருத்து, இப்போதும் அதுவே. ஆனால் அன்று அவர் முனிவேலின் வயிற்றில் கை வைத்தார், நான் விரலால் தொடர்ந்த அதே கோட்டை உள்ளங்கையால் தொடர்ந்தார், குழாயைக் கீழே வைத்துவிட்டார். “இது தொக்கமும் இல்ல, யாரும் சோத்துல வெச்ச மருந்தும் இல்ல சாமி. கொடல் பூராவும் ஒரு பைக்குள்ள கெடக்குது. பொறக்கும்போதே அப்பிடித்தான் வந்திருக்குது. நான் தொடமாட்டேன். பெங்களூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். மருத்துவப் பட்டம் பெற்றவர் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, ஒரு தொக்கம் எடுப்பவரின் பேச்சைக் கேட்டுப் பெங்களூர் மருத்துவமனையில் போய் நிற்பதற்கு என் படிப்பு இடம்கொடுக்கவில்லை.

7. தாயாருக்கும் அந்தப் பதில் போதவில்லை. தேன்கனிக்கோட்டை சாலையில் ஆஞ்சப்பன் என்பவரிடம் முனிவேலை அழைத்துச் சென்றார். அவர் கறுப்பாக ஓர் உருண்டையை எடுத்துக் காட்டி, இது சோற்றில் வைத்த மருந்து, வைத்தது பெண் கை என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் முனிவேலுக்குச் சோறு போடும் பெண் அவன் மனைவி வினிதா மட்டுமே. கணவனைத் தன் பேச்சைக் கேட்கவைக்க மருந்து வைத்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. “அவ கைச்சோறு உள்ள போனதுல இருந்துதான்டா எம்புள்ளைக்கு இப்பிடி” என்று தாயார் தெருவில் நின்று சொன்னார். திருமணத்திற்குப் பத்து ஆண்டுகள் முன்பே அவனுக்கு வலி இருந்தது என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். 2003 ஆவணி மாதம் உறவினர்கள் கூடி, வினிதா தன் ஒன்பது வயது மகளோடு பர்கூரில் தந்தை வீட்டில் இருந்துகொள்ள வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினார்கள். அதில் முதல் கையெழுத்து என்னுடையது.

நான் அந்த மருந்துக் கதையை நம்பவில்லை. நம்பாமலே கையெழுத்திட்டேன். வினிதாவின் தந்தை அண்ணாதுரை, 1992-இல் நடந்த திருமணத்தில், மாப்பிள்ளையின் மூத்த சகோதரனான என்னை முதல் பந்தியில் உட்காரச் சொல்லவில்லை. இரண்டாம் பந்தியில், சாம்பார் தீர்ந்துபோய் ரசத்தில் தொடங்கிய இலையில் சாப்பிட்டு எழுந்தேன். பதினோரு ஆண்டுகள் கழித்து அவர் மகள் பெட்டியோடு அவர் வாசலில் போய் நிற்கட்டும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் உண்மையை விட்டுவிட்டு எழுதும் மனுவால் பயனில்லை. புறப்படும்போது வினிதா என்னிடம் மட்டும், “மாமா, நீங்க படிச்சவரு. உங்களுக்குமா தெரியல?” என்று கேட்டாள். நான் பேருந்து நேரத்தைச் சொன்னேன்.

8. அவள் போன பிறகும் வலி வந்தது. முன்பைவிட அடிக்கடி வந்தது. வார விடுமுறை நாட்களில் முனிவேல் யாருக்கும் சொல்லாமல் பர்கூர் சென்று மனைவி மகளைப் பார்த்து வந்திருக்கிறான். ஒருநாள் என்னிடம், “அண்ணா, இப்ப அம்மா கைச்சோறுதான் திங்கறேன். இப்பவும் வலிக்குதே, அப்ப மருந்து வெச்சது யாருங்கறீங்க?” என்று கேட்டான். வேடிக்கையாகத்தான் கேட்டான். 2005 ஜூன் 11-ஆம் தேதி காலைப் பணியில் லேத் அருகே விழுந்தான். மருந்தகத்தில் ஊசி போட்டு இரண்டு மணி நேரம் படுக்கவைத்தார்கள். வாந்தி பச்சையாக வந்த பிறகே பெங்களூருக்கு வண்டி அழைக்கப்பட்டது, எனக்கும் தகவல் வந்து நானும் அதில் ஏறிக்கொண்டேன். கர்நாடக எல்லையில் ஒரு லாரி குறுக்கே நின்றுபோனதால் ஜூஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே, எங்கள் வீட்டிலிருந்து நடந்துவிடக்கூடிய தூரத்தில், நாற்பது நிமிடம் நின்றோம். அப்போதும் அவன் வயிறு அதே இடத்தில், அதே பக்கத்தில் நின்றது. இம்முறை அடங்கவில்லை.

9. பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் அன்று மாலையே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். முடிந்ததும் அறுவை மருத்துவர் என்னை அழைத்து ஒரு புகைப்படத்தைக் காட்டினார். தர்மபுரிப் பக்கத்துக்காரர், தமிழில் பேசினார். படத்தில் குடல் தனியாகத் தெரியவில்லை. பாலாடைபோல் வெளுத்துப் பளபளத்த மெல்லிய உறைக்குள் சிறுகுடல் முழுவதும் சுருண்டு கிடந்தது. நம் எல்லாருக்கும் வயிற்றறைக்கு உட்சவ்வு ஒன்று உண்டு. இவனுக்கு அதற்குள் இன்னொன்று இருந்திருக்கிறது. “இருபத்தாறு வருஷத்துல இது ரெண்டாவது தடவ பாக்கறேன்” என்றார். அவர் தந்த விளக்கத்தை அப்படியே எழுதுகிறேன். “கருவுல எல்லாருக்கும் கொஞ்ச நாள் குடல் வயித்துக்கு வெளியே, தொப்புள்கொடிக்குள்ள போய் இருக்கும். பத்தாவது வாரம் போல திரும்பி உள்ள வரும். உங்க தம்பிக்குத் திரும்பி வரும்போது அங்க போத்தியிருந்ததையும் சேத்து இழுத்துக்கிட்டு வந்திருச்சு.” நிறையப் பேர் இப்படியே எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்கள் என்றும், சிலருக்கு மட்டும் குடல் அந்த உறையில் சிக்கிக்கொள்ளும் என்றும் சொன்னார். அந்தச் சவ்வு எந்த நோயாலும், உண்ட எந்தப் பொருளாலும் உண்டானதல்ல, பிறவியிலேயே இருந்தது என்று அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார். வலி இருக்கும்போதே சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், முன்னரே வந்திருந்தால் சவ்வை வெட்டி எடுப்பது பெரிய வேலையல்ல என்றும் சொன்னார். ஆனால் உள்ளே நாலடி நீளக் குடல் கறுத்துவிட்டிருந்தது. மூன்று நாள் கழித்து, ஜூன் 14 அன்று, முனிவேல் இறந்தான்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் எங்களோடு உண்டு, வேலை செய்து, திருமணம் செய்து, ஒரு பிள்ளை பெற்ற மனிதனின் உடலில் ஒரு பகுதி மட்டும் பிறக்காமலேயே இருந்திருக்கிறது.

10. இழவு வீட்டில், மருந்து குடலை அழுகவைத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வினிதா மகளோடு வந்தாள். அவளை முன்னால் வர விடவில்லை. புளியமரத்தடியில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அப்போது அந்த நான்கு பக்க அறிக்கை என் சட்டைப்பையில் இருந்தது. வெளியே எடுத்து மூன்றாம் பக்கத்தை வாசித்திருந்தால் போதும். வாசித்தால் தாயாரும் நானும் செய்தது என்னவென்று ஊருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் மௌனம் என்பது இதுதான்.

11. கடந்த ஜூலை 6-ஆம் தேதி மாலை, ஆலை வேலையாகக் கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் செல்லும் பேருந்தில், விளையாட்டுப் போட்டி முடிந்து திரும்பிய இரண்டு பள்ளி மாணவிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி திடீரென்று முன்னால் குனிந்து இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். “என்னாடி, மறுபடியுமா?” என்றாள் தோழி. “ஆமாடி, ஒரு பக்கமா எந்திரிச்சு நிக்குது பாரு. தானா போயிரும், நீ அம்மாகிட்ட சொல்லிடாத. எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சாம், அம்மா கேட்டா அழ ஆரம்பிச்சுரும்” என்றாள். சற்று நேரத்தில் நிமிர்ந்து, பையிலிருந்து நிலக்கடலை எடுத்துத் தின்னத் தொடங்கினாள். இறங்கும்போது முகத்தைப் பார்த்தேன். சுவாதி. அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

12. அந்த அறுவை மருத்துவர், இது வழிவழியாக வருவதாகத் தான் படித்ததில்லை என்று சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் கெலமங்கலம் சென்று சாந்தம்மாவைப் பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்பே அவர், “தம்பி போயிட்டாரா?” என்றார். பிறகு, சுவாதிக்கு ஐந்து வயதாக இருந்தபோது வினிதா அவளை வயிற்றுக் கோளாறுக்குக் குடல் தட்ட அழைத்து வந்ததாகவும், அந்தக் குழந்தையின் வயிற்றிலும் அதே கோடு கைக்குத் தட்டுப்பட்டதாகவும் சொன்னார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். “சொல்லியிருந்தா என்னா சாமி பண்ணியிருப்பீங்க? அத பெத்த பொண்ணு வயித்தத்தான் கொறை சொல்லித் தொரத்தியிருப்பீங்க. சொல்லாமலே தொரத்துனவங்கதானே” என்றார். நான் எழுந்தபோது, “ஒரே வயித்துல பொறந்தவரு. உங்களுதையும் கொஞ்சம் பாக்கட்டுமா?” என்று கையை நீட்டினார். அந்தக் கைக்கு எட்டாமல் பின்வாங்கினேன்.

அன்று முதல் தினமும் குளிக்குமுன் என் வயிற்றை நானே தட்டிப் பார்க்கிறேன். கேட்பது என்ன என்பது இம்மனுவுக்குத் தொடர்பில்லாதது.

13. ஜூலை 29 அன்று அறிக்கையை எடுத்துக்கொண்டு பர்கூர் சென்றேன். அண்ணாதுரை இப்போது இல்லை, காலமாகிவிட்டார். வாசலில் என்னைப் பார்த்ததும் வினிதா மகளை உள்ளே போகச் சொன்னாள். நான் தாளை நீட்டினேன். அது என்னவென்று அவள் பார்க்கவேயில்லை. “நீங்க எழுதுன தாள் ஒண்ணு எனக்குப் போதும் மாமா. இனி உங்க வீட்டுத் தாளு, உங்க வீட்டு வைத்தியம் எதுவும் எம்பொண்ணு மேல படக்கூடாது” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். கத்தவில்லை. கதவுக்கு வெளியிலிருந்தே சுவாதிக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். உள்ளே தொலைக்காட்சியின் ஒலி கூடியது. அவள் செய்ததில் தவறில்லை. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் ஒன்று காத்துக்கொண்டிருக்கிறது. அது காத்திருப்பதில் அவசரப்படாது. அடங்கும், திரும்ப வரும், ஒருநாள் அடங்காது.

14. ஆகவே தங்களிடம் கோருவது:

அ. பர்கூர் அரசுப் பெண்கள் பள்ளிக்கு, வழக்கமான மாணவியர் உடல்நலப் பரிசோதனை என்ற பெயரிலேயே, ஒரு பெண் மருத்துவரை அனுப்ப வேண்டும். ஒன்பதாம் வகுப்பு சுவாதியின் வயிற்றை அவர் கைவைத்துப் பார்த்து, சி.டி. ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். வலி இல்லாத நாளில் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிவிடக் கூடாது. ஒன்றுமே இல்லாவிட்டால், இந்த மாவட்டத்தில் அதைக் கேட்டு என்னைவிட நிம்மதியடைபவர் இருக்க மாட்டார்.

ஆ. இணைக்கப்பட்டுள்ள அறிக்கையை அந்த மருத்துவர் மூலமாகவே வினிதாவிடம் கொடுத்து, மூன்றாம் பக்கத்தை அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும். அவர் கையால் எதுவும் நடக்கவில்லை என்று அரசாங்கத்தின் வாயிலிருந்து அவர் கேட்க வேண்டும்.

இ. தொழிற்சாலை மருத்துவர்மீது விசாரணை. இம்மனுவை எழுத உட்கார்ந்தபோது இதுவே முதல் கோரிக்கையாக இருந்தது. பதினேழு சீட்டுகளையும் இணைப்பதாக இருந்தேன். இணைக்கவில்லை. இணைத்தால் கோப்பு அவர்மீதான புகாராக மாறி, மேசை மேசையாகச் சுற்றி, பதில் மனு, விளக்கம் என்று ஆண்டுக்கணக்கில் போகும். பெண் பிள்ளையின் விஷயம் அதற்கு அடியில் கிடக்கும். அ-வும் ஆ-வும் நடக்குமென்றால் இந்தக் கோரிக்கையைத் தாங்கள் அடித்துவிடலாம். அடிக்கும்போது எனக்கு வலிக்கும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

15. கையெழுத்தில்லாத மனுக்கள் நடவடிக்கையின்றி முடிக்கப்படும் என்ற விதி எனக்குத் தெரியும். அது நல்ல விதி. நானே அதை ஆதரிப்பவன். ஆனால் எந்த மனுவின்மீது விசாரணை வந்தாலும், வருவாய் ஆய்வாளரோ கிராம நிர்வாக அலுவலரோ வீட்டு வாசலில் நின்று முதலில் வாசிப்பது மனுதாரரின் பெயரைத்தான். அந்தப் பெயர் காதில் விழுந்த உடனே வினிதா கதவைச் சாத்திவிடுவாள். வந்திருக்கும் மருத்துவரும் வெளியே நின்றுவிடுவார். யார் எழுதியிருப்பார் என்று பிறகு அவள் ஊகித்துக்கொள்ளட்டும். அதற்குள் ஸ்கேன் எடுத்திருந்தால் போதும். அறிக்கையில் மருத்துவமனையின் முத்திரையும் பதிவு எண்ணும் உள்ளன. நான் எழுதியது பொய்யா என்று தாங்கள் சரிபார்க்க அவை போதுமானவை. மனு எழுதினால் கீழே என் பெயரைப் பெரிதாக எழுதிப் பழகியவன் நான். இந்த ஒன்றை அப்படி எழுதவில்லை. மாலை நாலு மணிக்குத் தபால் எடுப்பதற்குள் இதை இப்படியே பெட்டியில் போட்டுவிடப் போகிறேன்.

இடம்: ஜூஜுவாடி
நாள்: 20.08.2007

(கையொப்பம் இல்லை)